பொட்டு விழாத கண்

மல்லாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வேகவைத்து இப்போதுதான் இறக்கினார்கள், ஆறிப்போனால் ருசி போய்விடும். மெட்ராஸில் இதையே வேர்க்கடலை என்று மரியாதையாகச் சொல்லி, உப்புப் போடாமல் விற்கிறார்கள். இது கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் விளைந்தது. வருஷா வருஷம் புதுக்கொட்டை எடுத்ததும் ஒரு மூட்டை என் வீடு தேடி வந்துவிடும். யார் கொண்டுவருகிறார்கள் என்பதைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் கேட்ட விஷயத்தோடு சேர்ந்ததுதான் அதுவும்.

ஒரு பொட்டுக்காக இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். பஞ்ச காலத்துப் படங்களையெல்லாம் சேர்த்துப் புத்தகம் போடப்போவதாகச் சொல்லி என் படத்துக்கு நல்ல பிரிண்ட் கேட்டீர்கள், அனுப்பினேன். அதை அந்தக் காலத்துப் பத்திரிகையில் வந்த படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். பத்திரிகையில் அந்தக் குழந்தையின் கண்ணில் வெள்ளைப் புள்ளி இல்லை, என் பிரிண்டில் இருக்கிறது, இதில் எது நிஜம் என்று கேட்கிறீர்கள். அந்தக் கண்ணைப் பற்றிப் பதினோரு வருஷமாக இந்த ஊரில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அவர்களிடமும் சொல்லியிருப்பேன். நான் எதையும் மூடி மறைக்கிற ஆள் இல்லை.

பொட்டு என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நல்ல கண் எப்போதும் ஈரமாக இருக்கும். எதிரே விளக்கோ வானமோ இருந்தால் அந்த ஈரத்தில் சின்னதாக ஒரு வெளிச்சம் விழும். அதுதான் பொட்டு. அது விழுந்தால் முகத்துக்கு உயிர் வந்துவிடும், விழாவிட்டால் எத்தனை அழகான முகமும் களிமண்தான். வயதானவர்களுக்குச் சில சமயம் சரியாக விழாது. அப்போது நெகடிவில் மெல்லிய பிரஷ்ஷால் ஒரு துளி கறுப்பு மை வைப்போம், பிரிண்டில் அது வெள்ளையாக வரும். கறுப்பை வைத்தால் வெள்ளை விழும் என்பது இந்தத் தொழிலில் உள்ள சௌகரியம். ஸ்தபதி சிலையை முடித்துக் கடைசியில் கண் திறப்பார் இல்லையா, அதைப் பார்த்து நாங்களும் இதைக் கண் திறப்பு என்றே சொல்வோம்.

அந்த வேலையில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ராஜமாணிக்கம் கண் திறந்தால் பிணமும் பேசும் என்பார்கள். சும்மா சொன்னதில்லை. அந்தக் காலத்தில் வீட்டுப் பெரியவர் செத்துப்போனால், உயிரோடு இருந்தபோது படம் எடுக்காத குறைக்கு, நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டு எங்களைக் கூப்பிடுவார்கள். மூடிய இமையின் மேல் கண் வரைந்து, பொட்டு வைத்து, சட்டம் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் அதைப் பார்த்து அழுவார்கள். அழட்டும் என்றுதானே செய்கிறோம்.

சரி, பஞ்சத்துக்கு வருகிறேன். எழுபத்தைந்து. கீழ்பென்னாத்தூர்ப் பக்கமெல்லாம் கிணறு வற்றி, மல்லாட்டை காய்ந்து, ஜனங்கள் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு வந்தார்கள். ஆண்பிள்ளைகள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனார்கள். பெண்டு பிள்ளைகள் இங்கே மலை சுற்றுகிற பாதையில் புளியமரத்துக்குக் கீழே கோணிப் பையைக் கட்டிக்கொண்டு தங்கினார்கள். ரோட்டுக்குக் கல் உடைக்கிற வேலை கிடைத்தது. மற்றபடி அண்ணாமலையார் விட்ட வழி.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸ் இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றிலிருந்து எனக்கு ஆள் வந்தது. பஞ்சத்தைப் படம் எடுத்து அனுப்பு, நன்றாக இருந்தால் அட்டையிலேயே போடுவோம் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைஸ் என்று ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு அட்டைப்படம். மறுநாள் காலையில் வருகிறேன் என்று அந்த ஜனங்களிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

அங்கேதான் தப்புப் பண்ணிவிட்டேன். போட்டோ எடுக்க வருகிறார்கள் என்று சொன்னால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? குடிக்க வைத்திருந்த தண்ணீரில் குளித்திருந்தார்கள். யாரோ ஒருத்தியிடம் இருந்த தேங்காய் எண்ணெயை அத்தனை பேரும் தலைக்குத் தடவியிருந்தார்கள். ஒரே பவுடர் டப்பா மரத்துக்கு மரம் போய்விட்டு வந்திருந்தது. கல்யாணப் புடவையை மூட்டையிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குப் படிய வாரி, வரிசையாக நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் பழக்கதோஷம், சிரிங்க என்று சொல்லி எடுத்துவிட்டேன். அத்தனை படமும் திரும்பி வந்துவிட்டது. இதில் பஞ்சம் எங்கே இருக்கிறது, ஏதோ நிச்சயதார்த்தம் மாதிரி இருக்கிறதே என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான், நானே சிரித்துவிட்டேன்.

அதற்கப்புறம் தொழிலைக் கற்றுக்கொண்டேன். சொல்லாமல் போகவேண்டும். பவுடர் தெரிந்தால் துடைக்கச் சொல்லவேண்டும். சிரிங்க என்று சொன்ன வாயால் சிரிக்காதீங்க என்று சொல்லவேண்டும். அதற்கு அவர்கள் சிரிப்பார்கள், அது பெரிய தொல்லை. எண்ணெயைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. தலையில் வைத்த எண்ணெய் நாலு நாளைக்குப் போகாது. வயிறு காய்ந்தாலும் தலை காயக்கூடாது என்று நினைக்கிற ஜனம் நம் ஜனம். வெயிலில் தலை பளபளவென்று மின்னும், பார்க்கிறவனுக்கு இரக்கம் எப்படி வரும்?

இப்படி நான் அலுத்துப்போயிருந்தபோதுதான் கன்னியம்மாள் வந்து சேர்ந்தாள். எல்லோருக்கும் பிந்தி வந்தவள். புருஷன் பெங்களூரில். கூட ஐந்து வயதில் ஒரு பெண், பேர் பச்சையம்மா. வரும்போதே குழந்தைக்கு அம்மை. கோணிக் கூடாரத்தின் வாசலில் வேப்பிலை செருகியிருந்தது, அதனால் மற்றவர்கள் கொஞ்சம் தள்ளியே இருந்தார்கள். நான் குனிந்து உள்ளே பார்த்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று.

அம்மை போட்ட வீட்டு முறை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள் என்பதால் தாளிக்கக்கூடாது, தலை வாரக்கூடாது, மருந்து கூடாது. முக்கியமாக எண்ணெய் கூடாது, வாசனைகூட ஆகாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஆத்தாவை அனுப்பிவைத்த பிறகுதான் எல்லாம். ஆகவே தாயும் மகளும் எண்ணெய் காணாத செம்பட்டைத் தலையோடு, வாராமல், பவுடர் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். நான் மாதக் கணக்கில் தேடியது ஆத்தாவின் தயவால் தானாகக் கிடைத்தது.

காமிராவைக் கண்டதும் கன்னியம்மாள் தயங்கினாள். ஆத்தா இருக்கிற இடத்தில் படம் எடுக்கலாமா என்றாள். வீட்டுக்கு வீடு ஆத்தா படம் மாட்டியிருக்கிறதே, அவளுக்குப் பிடிக்காமலா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பெண். அண்ணா என்றுதான் என்னைக் கூப்பிடுவாள்.

லென்ஸ் வழியாகக் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். கண்கள் பெரியவை, நன்றாகத் திறந்திருந்தன, பொட்டு மட்டும் விழவில்லை. இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். வானத்தையே காட்டினேன். இரண்டு கண்ணும் உலர்ந்த கோலிக்குண்டு மாதிரி இருந்தன. உயிரோடு இருக்கிற ஒரு குழந்தையிடம் நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அந்த முகத்தைப் பார்த்தால் பார்க்கிறவன் கண்ணை எடுக்க முடியாது. ஆனால் அன்றைக்கு வெளிச்சம் போய்விட்டது, மேகம் மூடிக்கொண்டது. சாயங்காலமானால் பிள்ளை மரத்தில் போய் முட்டிக்கொள்கிறது என்று கன்னியம்மாள் சொன்னாள். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் ஸ்டூடியோவுக்கு ரஹமத்துன்னிசா சிஸ்டர் வந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ், எங்கள் சின்னக்கடைத் தெருக்காரர். தங்கை கல்யாணத்துக்கு வாணியம்பாடி போகிற அவசரத்தில், சட்டம் போடக் கொடுத்திருந்த படத்தை வாங்க வந்தவர். நான் விளையாட்டாகத்தான் சொன்னேன், ஒரு குழந்தை கண்ணில் பொட்டே விழமாட்டேன் என்கிறது, லென்ஸ் கெட்டுப்போயிற்றா நான் கெட்டுப்போனேனா தெரியவில்லை என்று. அவர் கையிலிருந்த படத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“அம்மை போட்டுச்சா சார் அதுக்கு?”

ஆமாம் என்றேன். இருட்டினால் தடுமாறுகிறதா என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றேன். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஒரு சின்ன பாட்டிலோடு திரும்பி வந்தார். மீனெண்ணெய் மருந்து. மூடியைத் திறக்காமலே நாறியது.

“இன்னைக்கே ஒரு ஸ்பூன் குடுங்க சார். நாளைக்கு ஒண்ணு. கொழந்தைய ஒடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுனு வரச் சொல்லுங்க. தள்ளிப்போட்டா கருவிழி கரைஞ்சிபூடும். நானே போவேன், பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சி.”

கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். தெரிந்துகொள்ளலாமே என்றுதான்.

“குடுத்தா ரெண்டு நாள்ல கண்ணு பளபளன்னு ஆயிடும். உங்க பொட்டு தானா வுழும்” என்றார்.

பாட்டிலைக் காமிராப் பையில் பிலிம் ரோலுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டு கிளம்பினேன். கொடுக்கக்கூடாது என்ற எண்ணம் எனக்கு இல்லை. அப்படி ஒரு நிமிஷம்கூட நினைத்தது கிடையாது. முதலில் படம், அப்புறம் மருந்து. காலையில் படத்தை எடுத்துவிட்டால் அப்போதே கொடுத்துவிடப் போகிறேன். இதில் தப்பு எங்கே இருக்கிறது?

மேகம்தான் தப்பு. அந்த வருஷம் பூராவும் ஒரு துளி போடாத வானம், எனக்கென்று வந்து மூடிக்கொண்டது. பெய்யவும் இல்லை, விலகவும் இல்லை. காமிராவை வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கன்னியம்மாள் கேட்டாள்.

“அண்ணா, கண்ணுல பீள பீளயா கட்டுது. வெளிச்சத்துல தொறக்கவே மாட்டேங்குது. ஆத்தா கோச்சிக்கினாலும் போவட்டும், ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போயிடட்டுமா?”

பை என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. மேகம் விலகுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, “தண்ணி ஊத்தாம எண்ண வாசனையே ஆகாதும்மா” என்றேன். “ஆஸ்பத்திரியில அதுக்குக் குடுக்கிறது மீனெண்ண. ஆத்தா விஷயத்துல வெளயாடாத.”

எண்ணெய் என்ற ஒரு சொல்தான். அவள் கையைக் கூப்பி வேப்பிலையைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தண்ணீர் ஊற்றலாம் என்று நாள் பார்த்திருந்தாள். அமாவாசை கழியட்டுமே என்று அதையும் நான்தான் தள்ளிவைத்தேன். தண்ணீர் ஊற்றினால் தலைக்கு எண்ணெய் வந்துவிடும், சீப்பு வந்துவிடும், பக்கத்து மரத்திலிருந்து பவுடர் டப்பா வந்துவிடும். எனக்குத் தெரியாதா அவர்களை.

எனக்கு இந்த ஆத்தா, அமாவாசை எதிலும் நம்பிக்கை கிடையாது என்பதையும் சொல்லிவிடவேண்டும். என் பிள்ளைகளுக்கு அம்மை போட்டபோது டாக்டரை வீட்டுக்கே கூட்டிவந்து பார்த்தேன். மூடநம்பிக்கை ஒழியவேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஒரு நாள் போய் இன்னொரு நாள் வந்தது. தினமும் காலையில் போவேன், வானத்தைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். பாட்டில் லேசாகக் கசிந்து, பையெல்லாம் மீன் நாற்றம். கோயில் பே கோபுரத்துப் பக்கம் ஒரு பூனை தினமும் என் பின்னாலேயே வந்தது. மலை சுற்றப் போகிறவருக்குப் பூனை துணையா என்று கடைக்காரர்கள் கேலி பண்ணினார்கள். குழந்தைக்கும் நான் வருவது பிடித்துப்போயிற்று. கமர்கட் வாங்கிக்கொண்டு போவேன். கையை நீட்டித் துழாவி வாங்கிக்கொள்ளும். முதலில் நான் நீட்டுகிற கையைப் பார்த்து வாங்கியது, பிறகு துழாவியது, அந்த வித்தியாசத்தை நானும் கவனிக்காமல் இல்லை.

அப்புறம் ஒருநாள் விடிந்ததும் வெயில். சாய்ந்த வெயில், பொன் மாதிரி. பின்னால் மலை மங்கலாக, மடியில் பிள்ளையோடு கன்னியம்மாள். அவள் பிள்ளையைப் பார்க்கிறாள், பிள்ளை நேராக என்னைப் பார்க்கிற மாதிரி முகத்தை நிமிர்த்திக்கொண்டிருக்கிறது. என் குரல் கேட்டதும் அது சிரிக்க ஆரம்பித்துவிட்டது.

“சிரிக்காத கண்ணு” என்றேன்.

“ஏன் மாமா?”

“சிரிச்சா படம் கெட்டுடும்.”

சொன்ன பேச்சைக் கேட்டது. என் வாழ்நாளில் நான் எடுத்த படம் அது ஒன்றுதான், மற்றதெல்லாம் பிழைப்பு.

காமிராவை மூடிய கையோடு பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. ஆத்தா இருக்கட்டும், கண் முக்கியம், இப்போதே ஊற்று, ஊற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று நானே சொன்னேன். கன்னியம்மாள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். மருந்தைக் கொடுக்காமல் விட்டான் என்று ராஜமாணிக்கத்தைப் பற்றி யாரும் சொல்ல முடியாது.

கண் போய்விட்டது. இரண்டும்தான். கருவிழி வெள்ளையாகிக் கரைந்துவிட்டதாம். சிஸ்டர் கல்யாணம் முடிந்து வந்து வார்டில் குழந்தையைப் பார்த்திருக்கிறார். நேரே என் ஸ்டூடியோவுக்கு வந்து, எப்போது சார் கொடுத்தீர்கள் என்று கேட்டார். நீங்கள் கொடுத்த அன்றைக்கே என்றேன். அவர் திரும்பிப் போய்க் கன்னியம்மாளைப் பிடித்துக்கொண்டார். நானும் கூடப் போயிருந்தேன், ஒரு மரியாதைக்கு. “ஆத்தாவுக்குப் பயந்துக்கினு கொழந்த கண்ணப் பறிகுடுத்துட்டியேம்மா” என்று சிஸ்டர் அழுதார். கன்னியம்மாள் மறுக்கவில்லை. சிஸ்டர் சொன்னது, மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள் என்று. கன்னியம்மாள் நினைத்தது, தண்ணீர் ஊற்றவேண்டும் என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட்டோம் என்று. அவரவர் ஒன்றை நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். நடுவில் புகுந்து குழப்புவானேன் என்று நான் பேசாமல் நின்றேன்.

படம் அட்டையில் வந்தது. பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும், பரிசு, டெல்லி, பொன்னாடை. அதைவிட எனக்கு முக்கியம், அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இங்கே கஞ்சித் தொட்டி திறந்தார்கள். கண் முகாம் நடத்தினார்கள். எத்தனை பிள்ளைகளுக்கு அந்த மீனெண்ணெய் மருந்து கிடைத்தது என்று கணக்கே இல்லை. ஒரு பிள்ளையின் கண்ணில் இல்லாத வெளிச்சம் அத்தனை பிள்ளைகளின் கண்ணில் விழுந்தது என்று பாராட்டு விழாவில் ஒருத்தர் பேசினார். நான் இதை எப்போதும் நினைத்துக்கொள்வேன். நீங்கள் வேண்டுமானால் புத்தகத்தில் போட்டுக்கொள்ளலாம்.

பஞ்சம் போகும், பஞ்சத்தில் பட்ட வடுப் போகாது என்பார்கள். மழை பெய்ததும் கன்னியம்மாள் ஊருக்குத் திரும்பிப் போனாள். மறு வருஷம் புதுக்கொட்டை எடுத்ததும் ஒரு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். எல்லாரும் படத்தில் இருந்த பிள்ளையைப் பார்க்கத்தான் வந்தார்கள், மருந்து கொண்டுவந்தது அண்ணன் நீங்கள் ஒருத்தர்தான் என்றாள். அன்றிலிருந்து ஒரு வருஷம் தவறவில்லை. நீங்கள் தின்றதும் அதுதான். ஏன் கையில் இருக்கிறதைக் கீழே வைக்கிறீர்கள்? மல்லாட்டை என்ன பாவம் செய்தது?

இந்த வருஷம் மூட்டையோடு மகளையும் கூட்டிவந்தாள். பச்சையம்மா வளர்ந்துவிட்டாள், லட்சணமான பெண். வேலூரில் பார்வை இல்லாதவர்களுக்குத் தொழில் சொல்லித்தருகிற இடத்தில் சீட்டுக் கிடைத்திருக்கிறது, பஸ் பாஸுக்குப் படம் வேண்டும். ஸ்டூலில் உட்காரவைத்து விளக்கைப் போட்டேன். ரெடி என்றேன். அவள் முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

“இப்ப சிரிக்கலாமா மாமா?”

எனக்கு உடனே புரியவில்லை. அப்புறம் சிரி என்றேன். நன்றாகவே சிரித்தாள். பழக்கதோஷம், நெகடிவில் இரண்டு கண்ணுக்கும் பொட்டு வைத்துவிட்டேன். வயசுப் பெண், களிமண்ணாகவா கொடுப்பது? ஆபீஸில் படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பார்வை இல்லை என்கிறீர்கள், படத்தில் நன்றாகப் பார்க்கிறாளே, வேறு யார் படம் இது என்று கேட்டார்களாம். என் வேலை அவ்வளவு சுத்தம்.

மறுபடி இரண்டு பேரும் வந்தார்கள். அப்படி என்னதான் இருந்தது என் கண்ணில் என்று அந்தப் பெண் கேட்டாள். உங்களுக்குச் சொன்ன மாதிரி அவளுக்கும் பொட்டு என்றால் என்ன என்று சொன்னேன். ஈரம், வெளிச்சம், உயிர், எல்லாம் சொன்னேன். கெட்டிக்காரி, ஒரு தரம் சொன்னதிலேயே பிடித்துக்கொண்டாள்.

“அப்ப சின்ன வயசுல என்ன எடுத்தீங்களே மாமா. அதுல பொட்டு இருந்திச்சா?”

கன்னியம்மாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொல்லவேண்டும் என்கிறீர்கள்? பதினோரு வருஷம் கழித்து ஒரு தாய் மனசைப் புண்படுத்துவதா? “இருந்திச்சும்மா. கண்ணு நல்லாத்தான் இருந்திச்சு” என்றேன்.

 கன்னியம்மாள் மெதுவாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். படம் எடுக்கும்போது நல்லாத்தான் இருந்திருக்கிறது, அதற்கப்புறம் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னாலேயே எண்ணெயைக் கொடுத்தோமே, ஆத்தா கண்ணைப் பிடுங்கிக்கொண்டாள் என்று. இத்தனை வருஷம் தாமதப்படுத்திவிட்டோம் என்று அழுதவள், இனிமேல் அவசரப்பட்டுவிட்டோம் என்று அழுவாள். அதுவும் ஒரு மாறுதல்தான்.

அந்தப் பெண்தான் எழுந்திருக்கவில்லை. ஸ்டூலிலேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு அம்மா மொகம் ஞாபகம் இருக்குது மாமா” என்றாள். “அப்பா மொகம் இருக்குது. ஊர்ல இருந்த வெள்ளாட்டு மொகம்கூட இருக்குது. ஒங்க மொகம் மட்டும் இல்ல. கொரலுதான் இருக்குது. கண்ணு நல்லா இருந்திருந்தா ஒங்க மொகம் எனக்குத் தெரிஞ்சிருக்கணுமே.”

கோபமாகச் சொல்லவில்லை. கணக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். இந்தத் தடவை பொட்டு வைக்காமல் எடுத்துக் கொடுத்திருந்தேன், பாஸ் கிடைத்துவிட்டதாகக் கேள்வி. இந்த வருஷத்து மூட்டை முன்னமே வந்துவிட்டது, அடுத்த வருஷம் வருமா என்று தெரியவில்லை.

எது நிஜம் என்று கேட்டீர்கள். பத்திரிகையில் வந்ததுதான் நிஜம். நான் எடுத்தபோது அவள் கண்ணில் பொட்டு இல்லை. பொட்டு வரவைக்கிற மருந்து என் பையில் இருந்தது. வந்துவிடக்கூடாது என்று நான்தான் அதைப் பையிலேயே வைத்திருந்தேன். போதுமா? எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வேண்டுமானாலும் போடுகிறேன்.

ஆனால் புத்தகத்தில் நான் அனுப்பிய பிரிண்டைப் போடுங்கள். அவர்கள் போனதும் பழைய நெகடிவை எடுத்து, பிரஷ்ஷை நுனி நாக்கில் கூராக்கி, நானே உட்கார்ந்து வைத்தது. கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முகம் தெரியவில்லை என்று சொன்னாளே, எவ்வளவு நன்றாக என்னைப் பார்க்கிறாள் என்று நீங்களே சொல்லுங்கள்.